வேலையில்லாத கால்

ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி. கார் ஷெட்டுக்குள் பாதியும் வெளியே பாதியுமாக நின்றது. மைத்துனன் திறந்த பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தான்.

"மாமா, டார்ச்ச இந்தப் பக்கம் காட்டுங்க. என் காதுல ஒண்ணும் பழுது இல்ல."

அவர் டார்ச்சைத் திருப்பினார். 

மைத்துனன் கார் மெக்கானிக் இல்லை. லிப்ட் பழுது பார்ப்பவன். தெருமுனை மெக்கானிக் கடை ஞாயிறு என்று பூட்டிக் கிடந்தது. வயர், சுவிட்ச் என்றால் தெரிந்தவன் இவன் ஒருவன்தான். கார் ஓட்ட இவனுக்குத் தெரியாது. அக்கா கணவரான அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர் என்பதால் ஒரு காலத்தில் கற்றுக்கொள்ள வந்தான். மூன்றாம் நாள் ஒரு வீட்டு கேட்டைச் சாய்த்துவிட்டு இறங்கியவன், அதன்பின் ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

நாளை விடிந்ததும் அவர் மனைவிக்கு ஆபரேஷன். தலைக்குள் கட்டி. ஆஸ்பத்திரி இருந்தது வேறு ஊரில், ஐந்து மணி நேர ஓட்டம். வியாழக்கிழமை என்று சொன்னதை நேற்று இரவு திடீரென்று முன்னால் இழுத்துவிட்டார்கள். டாக்டர் எதையும் மறைக்கவில்லை. கண் விழிப்பாள், ஆனால் ஆட்களை அடையாளம் தெரியாமல் போகலாம் என்றார். மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். உள்ளே கொண்டுபோவதற்கு முன் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பஸ், ரயில், வாடகைக் கார் எல்லாம் வெள்ளிக்கிழமையிலிருந்து ஸ்டிரைக். காலையில் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் செய்தார். அவரிடம் ஓட்டக் கற்றவர்கள் ஊர் முழுக்க இருந்தார்கள். ஒருவர் வெளிநாட்டில். ஒருவருக்குக் காய்ச்சல். ஒருவர், "எந்த டிரைவிங் ஸ்கூல் சார்?" என்று கேட்டார்.

கார் அவருடையதே இருந்தது. ஸ்கூலை மூடியபோது மற்ற இரண்டையும் விற்றுவிட்டு இந்தப் பழையதை வைத்துக்கொண்டார். இடறியது வலது கால். ஒரு வருடமாக ஆக்ஸிலேட்டரை அரை மணி நேரம் மிதித்தால் மரத்துவிடும். சர்க்கரை. வீட்டில் அதைப் பெரிதாகச் சொன்னதில்லை. காரணம் க்ரூஸ் கன்ட்ரோல். ஸ்டியரிங்கில் ஒரு பொத்தான். வேண்டிய வேகம் வந்ததும் அழுத்தினால், கார் அந்த வேகத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். காலுக்கு வேலை இல்லை. போன மாதம் மனைவியை அப்படித்தான் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

இன்று காலை கிளம்பியவர் ஊரைத் தாண்டியதும் பொத்தானை அழுத்தினார். பிடித்தது. கொஞ்ச தூரம் போனதும் விட்டது. மறுபடி அழுத்தினார். மறுபடி விட்டது. பின்னால் வந்த லாரி அலறிக்கொண்டு விலகி, பக்கத்தில் வந்து, டிரைவர் கையை ஆட்டித் திட்டிவிட்டுப் போனான். ஆக்ஸிலேட்டரை மிதித்து ஓட்டிப் பார்த்தார். கால் மரத்தது. கார் திக்கியது. திரும்பி வந்துவிட்டார்.

"கெடச்சாச்சு," என்றான் மைத்துனன். தலையை வெளியே எடுத்தான். நெற்றியில் கறுப்பு. "இந்த ரப்பர் குழாய் பாருங்க. இது உறிஞ்சித்தான் உங்க க்ரூஸு வேலை செய்யுது. வளைவுல வெடிச்சிருக்கு."

"இதுதானா?"

"இதாத்தான் இருக்கணும். வேற என்ன? ஃபியூஸ் பாத்தாச்சு, பொத்தான் பாத்தாச்சு."

கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும் குழாயிலிருந்து ஒரு துண்டை வெட்டிப் பொருத்தினான். அவர் வீட்டைப் பூட்டிவிட்டுப் பையோடு ஓடி வந்தார். பையில் மனைவியின் ஸ்வெட்டர் இருந்தது.

"மாமா, இன்னொரு செருப்பு எங்க?"

அவர் குனிந்து பார்த்தார். வலது கால் வெறுங்காலாக இருந்தது. செருப்பு வாசற்படிக்கும் ஷெட்டுக்கும் நடுவில் கிடந்தது.

"அவசரத்துல கழண்டிருக்கும்."

"உங்க கல்யாணத்தன்னிக்குக்கூட இந்த அவசரம் இல்ல. எங்கக்காவ அரை மணி நேரம் காக்க வச்ச ஆளு."

அவர் சிரிக்கவில்லை. போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

புறவழிச் சாலை காலியாக இருந்தது. வேகம் எடுத்தார், பொத்தானை அழுத்தினார். எஞ்சின் ஒரே சுருதியில் ஓடியது. மைத்துனன் டாஷ்போர்டைத் தட்டிக்கொடுத்தான்.

"போலாமா? என்னை அந்தத் திருப்பத்துல இறக்கிவிட்டுருங்க. டியூட்டி போன் எப்ப வேணா அடிக்கும். எவனாவது ஆறாவது மாடில மாட்டிக்கிட்டு கத்துவான்."

திருப்பம் வருவதற்குள் கார் தொய்ந்தது.

அவர் மீண்டும் அழுத்தினார். பிடித்தது. விட்டது. பொத்தானைக் கட்டைவிரலால் குத்தினார். பிறகு உள்ளங்கையால் ஸ்டியரிங்கை அடித்தார்.

"அடிச்சா ஓடுறதுக்கு அது என்ன மாடா? நிறுத்துங்க."

ஓரமாக நிறுத்தினார். போன் அடித்தது. மகள்.

"எங்கப்பா இருக்கீங்க? அம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க. தலைய மழிச்சுட்டாங்கப்பா. கண்ணாடி கேட்டாங்க, நான் குடுக்கல."

"கிளம்பிட்டேன்மா."

"பொறுமையா வாங்க. ஆனா வந்துருங்க."

போனை வைத்துவிட்டு அவர் எதிரே பார்த்தார். வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது.

"மாப்ள, ஏதாவது பண்ணுடா. உன்னைக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

"சும்மா இருங்க மாமா." மைத்துனன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான். "லிப்ட்டுல கதவு ஒரு நூல் திறந்திருந்தாலும் மோட்டார் ஓடாது. கதவு மூடியாச்சுன்னு சொல்றதுக்கு ஒரு சுவிட்ச் இருக்கும். பாதி கம்ப்ளைன்ட் அந்தச் சுவிட்சுலதான். இதுல அந்த மாதிரி எது?"

"பிரேக்கு. பிரேக்க லேசாத் தொட்டாலே க்ரூஸ் விட்டுரும். கிளட்சும் அப்படித்தான்."

"அப்ப பிரேக் சுவிட்ச் லூசா இருக்கு. ரோட்டு ஆட்டத்துல அதுவே தொட்டுத் தொட்டு விடுது. நின்னுக்கிட்டுப் பாத்தா தெரியாது. ஓடும்போது பாக்கணும்."

பையிலிருந்து வயர் வைத்த சின்ன சிவப்பு பல்பை எடுத்தான். பெடல்களுக்கு மேலே கையை விட்டு பிரேக் சுவிட்சோடு இணைத்தான். பல்பைப் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் தொங்கவிட்டான்.

"சுவிட்ச் தொட்டா இது எரியும். எரியும்போது க்ரூஸும் விட்டா, திருடன் அகப்பட்டான். அப்புறம் அஞ்சு நிமிஷ வேலை."

"அஞ்சு நிமிஷமா?"

"ஒரு நட்டு திருகணும் அவ்வளவுதான். எட்டரைக்கெல்லாம் எங்கக்காகிட்ட திட்டு வாங்கிக்கிட்டு நிப்பீங்க."

அவர் பிரேக்கை மிதித்தார். பல்பு எரிந்தது. விட்டார். அணைந்தது.

மீண்டும் சாலை. வேகம். பொத்தான். பிடித்தது. இருவரும் பல்பைப் பார்த்தார்கள். அவர் சாலையையும் பார்த்தார். பல்பு இருட்டாக ஆடிக்கொண்டிருந்தது. ஒரு பாலம் கடந்தது. ஒரு பெட்ரோல் பங்க் கடந்தது.

பல்பு எரிந்தது. கார் தொய்ந்தது.

"பாத்தியா!" அவர் கத்திவிட்டார். "சுவிட்ச்தான்! சுவிட்சேதான்!"

"நிறுத்தாதீங்க. மறுபடி போடுங்க. எவ்வளவு ஆடுதுன்னு பாத்துட்டா ஒரே திருகுல முடிச்சுருவேன்."

மைத்துனன் சீட்டைப் பின்னால் தள்ளினான். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, உடம்பை மடித்து, டாஷ்போர்டுக்குக் கீழே தலையைக் கொடுத்தான். அவர் பொத்தானை அழுத்தினார். பிடித்தது. மைத்துனன் சுவிட்சின் மேல் வெளிச்சத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தான். சுவிட்ச் ஆடவில்லை. உறுதியாக இருந்தது.

பல்பு எரிந்தது.

அவன் வெளிச்சத்தைக் கீழே இறக்கினான்.

 டார்ச்சை வாயிலிருந்து எடுத்தான்.

"மாமா. வலது காலை எடுத்து தரையில வைங்க."

"தரையிலதான் இருக்கு."

"நல்லா வைங்க."

"வச்சுத்தான் இருக்கேன். நீ சுவிட்சப் பாரு."

பல்பு எரிந்துகொண்டே இருந்தது.

"மாமா," என்றான் கீழேயிருந்து. "உங்க கால் பிரேக் மேல இருக்கு."

அவர் குனிந்தார்.

"கீழ பாக்காதீங்க! ரோட்டப் பாருங்க. மெதுவா ஓரம் கட்டுங்க. மெதுவா."

கார் மண்ணில் இறங்கி ஒரு குலுக்கலோடு நின்றது. எஞ்சின் அணைந்தது. அப்போதுதான் குனிந்து பார்த்தார். கால் பிரேக் பெடலின் மேல் குறுக்காக இருந்தது. எப்போதும் இருக்கும் இடத்தில். ஸ்கூல் கார்களில் சொல்லிக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. முப்பது வருடம் அந்த பிரேக்கின் மேல் ஒரு மயிரிழை உயரத்தில் இந்தக் காலை நிறுத்தி வைத்திருந்தார். பெடலில் படுமுன் காலை நிறுத்துவார். தேவையில்லாமல் ஒரு நாளும் பட்டதில்லை. பழக வருகிற எல்லோருக்கும் முதல் நாளே சொல்வார்: வேலையில்லாத கால் பிரேக் மேல காவல் நிக்கணும்.

கால் இன்னும் காவல் நின்றது. பெடலில் பட்டது காலுக்குத் தெரியவில்லை.

மைத்துனன் மேலே வந்து உட்கார்ந்தான். மூச்சு வாங்கியது. கையை நீட்டி அவர் வலது முழங்காலுக்குக் கீழே கிள்ளினான்.

"தெரியுதா?"

"தெரியுது."

இன்னும் கீழே கிள்ளினான்.

"தெரியுதா?"

"எங்க?"

மைத்துனன் கையை எடுத்துக்கொண்டான்.

"எத்தனை நாளா?"

"மரத்துப் போகுதுன்னுதான் நெனச்சேன். திரும்பி வந்துரும்னு நெனச்சேன்."

"செருப்பு கழண்டதுகூடத் தெரியல உங்களுக்கு. நான் கிண்டல் பண்ணிக்கிட்டு இருக்கேன்." மைத்துனன் முகத்தைத் துடைத்தான். கறுப்பு கன்னமெல்லாம் பரவியது. "கார்ல ஒண்ணுமே இல்ல மாமா. அந்தக் குழாய் தவிர எல்லாம் நல்லா இருக்கு."

"சுவிட்ச் வயரைக் கழட்டி விட்டுரு. க்ரூஸ் விடாது இல்ல?"

"க்ரூஸ் விடாது. பிரேக்க மிதிச்சாலும் விடாது. மிதிச்சீங்களா இல்லையான்னு உங்களுக்கும் தெரியாது. பின்னாடி வர்றவனுக்கும் தெரியாது."

"காலைப் பெடலுக்கு அந்தப் பக்கம் கயிறு போட்டுக் கட்டு."

"மாமா."

"கட்டுடா. அஞ்சு மணி நேரம்தான்."

"அப்புறம் பிரேக்க எதால மிதிப்பீங்க?"

அவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தார். எதிரே சாலை நேராகப் போயிற்று. அவர் பழக்கிய ஆட்கள் யாராவது இதில் போகக்கூடும். ஒரு வண்டியும் வரவில்லை.

போன் அடித்தது. மகளின் எண். எடுத்ததும் வந்தது மனைவியின் குரல். மெதுவாக, தெளிவாக இருந்தது.

"எங்க வந்துட்டீங்க?"

"பாதி வழி."

"பொய் சொல்லாதீங்க. சத்தமே இல்ல. வண்டி ஓடுற சத்தம் எனக்குத் தெரியாதா?"

"டீ குடிக்க நிறுத்தினேன்."

"சக்கரை போடாம குடிங்க. தலைய மழிச்சுட்டாங்க. பாத்தா சிரிக்கக் கூடாது."

"சிரிக்க மாட்டேன்."

"வந்து சிரிச்சாலும் பரவால்ல," என்றாள். வைத்துவிட்டாள்.

பல்பு இன்னும் எரிந்தது. அவர் இரண்டு கையாலும் தொடையைப் பிடித்துத் தூக்கினார். கால் வந்தது. பல்பு அணைந்தது. கதவைத் திறந்து இறங்கினார். காரைப் பிடித்துக்கொண்டே முன்பக்கமாகச் சுற்றி வந்தார். பானெட்டின் சூடு கையில் பட்டது. மைத்துனன் பக்கத்துக் கதவைத் திறந்தார். அந்தப் பக்கம் பெடல் எதுவும் இல்லை. ஸ்கூலை மூடியபோது அவரே கழற்றச் சொல்லியிருந்தார்.

மைத்துனன் நிமிர்ந்து பார்த்தான். சாவி அதன் இடத்தில் தொங்கியது. டிரைவர் சீட்டு காலியாக இருந்தது.

"மாப்ள," என்றார் அவர். "கிளட்ச் எதுன்னு ஞாபகம் இருக்கா?"