அண்ணி கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகத்தான் தொடங்கியது. 'புதிய டேப்லெட்டுக்கு மாறலாமா?' என்று ஒரு மாத இதழ் எழுதச் சொல்லியிருந்தது. இரண்டாவது பத்தியிலேயே மாட்டிக்கொண்டேன். மாடியில் அண்ணன் வீட்டில் ஒரு புதிய டேப்லெட் இருக்கிறது. அதில் என்னால் தீர்க்க முடியாத சின்னச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது.

நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அது வேலையை முடித்துவிடுகிறது. நான் எழுந்து கீழே வந்துவிட்டால் பாதியில் நின்றுவிடுகிறது.

பேய்க்கதை என்று நினைத்துவிடாதீர்கள். பொருள்களுக்கு ஆள் பார்த்து நடக்கத் தெரியாது. ஒரே பொத்தானை அழுத்தி இரண்டு விதமான பலன் வந்தால், நடுவில் நாம் பார்க்காத ஏதோ ஒன்று நடக்கிறது என்று பொருள். அதைக் கண்டுபிடிப்பதுதான் எனக்குப் பிடித்த வேலை. வீட்டில் என் பட்டப்பெயரே 'கையேடு'. மிக்ஸி வாங்கினாலும் கூப்பிடுவார்கள், மிக்ஸி நின்றாலும் கூப்பிடுவார்கள்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீலக் கோடு பாதி தூரம் வந்து நின்றது. நண்பர் ஒருவரின் யோசனைப்படி வாங்கிய அந்தப் புதிய டேப்லெட்"

அந்த வாக்கியத்தை அதற்கு மேல் எழுத முடியவில்லை. நண்பர் ஒருவராம்! யோசனை சொன்னது நான். கதைக்குள் நுழைந்த உடனே என்னை வேறொருவனாக மாற்றிவிட்டேன், பார்த்தீர்களா? கட்டுரையில் இந்த வசதி கிடையாது. கட்டுரையைக் கைவிட்டதற்கு அதுவும் ஒரு காரணமோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

இரண்டாவது தொடக்கம்:

அண்ணி, காது கேளாத குழந்தைகளின் பள்ளியில் ஆசிரியை. வாரம் ஒரு கணக்குப் பாடத்தைச் சைகைமொழியில் நடத்தி, வீடியோவாகப் பதிந்து பள்ளிக்கு அனுப்புகிறார். குழந்தைகள் வீட்டில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள். படுக்கையறைச் சுவரில் சாம்பல் நிறப் போர்வையை ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறார். கை அசைவு தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. எதிரே ஒரு தாங்கி, அதில் டேப்லெட். அதிலேயே பதிவு, அதிலேயே வெட்டி ஒட்டுவது. கடைசியில் 'எக்ஸ்போர்ட்' என்ற பொத்தான்.*

(* எக்ஸ்போர்ட் என்றால் என்ன? நீங்கள் வெட்டி ஒட்டியபோது உண்மையில் எதுவும் வெட்டப்படவில்லை. 'இங்கே வெட்டு, இங்கே படம் போடு' என்று குறிப்புகள்தான் சேர்ந்திருக்கும். பொத்தானை அழுத்திய பிறகுதான் டேப்லெட் அந்தக் குறிப்புகளைப் படித்து ஒவ்வொரு படமாகச் செய்து ஒரே வீடியோவாகக் கோக்கிறது. அதனால்தான் நேரமாகிறது. அற்புதமான வேலை. இதைப் பற்றி இன்னும் ஒரு பக்கம் எழுத ஆசை. வேண்டாம், அண்ணி காத்திருக்கிறார்.)

3

பாடங்கள் நீளமாக ஆக, எக்ஸ்போர்ட் பாதியில் நிற்கத் தொடங்கியது. அண்ணி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, கொஞ்சம் வந்து பாருங்களேன். மறுபடியும் மக்கர் பண்ணுது."

நான் போய்ப் பார்த்தேன். [பார்த்தேனா? டேப்லெட்டின் பின்பக்கத்தைத் தடவினேன். சூடாக இருந்தது. அவ்வளவுதான்.]

"இதோட சிப் பழசு அண்ணி. உங்க பாடம் பெருசாயிடுச்சு, இதால இழுக்க முடியல. இப்ப வர்றதெல்லாம் சும்மா பறக்கும்."

"மாத்தித்தான் ஆகணுமா?"

"மாத்திட்டா நிம்மதி."

கூடத்திலிருந்து அண்ணன் குரல் வந்தது. "கையேடு சொல்லியாச்சா? அப்ப என் ஸ்கூட்டர் இந்த வருஷமும் உதைச்சாத்தான் கிளம்பும்."

"உங்க ஸ்கூட்டரை நம்பி ஐம்பது குழந்தைங்க உட்காந்திருக்காங்களா?" என்றார் அண்ணி.

அண்ணன் ஸ்கூட்டருக்கென்று சேர்த்த பணத்தை எடுத்துக் கொடுத்தான். புதிய டேப்லெட் வந்தது. பழையது அட்டைப்பெட்டிக்குள் போய் அலமாரியின் மேல் ஏறியது. ஸ்கூட்டரை அண்ணன் இன்றும் உதைக்கிறான். என் ஜன்னலுக்கு நேர் எதிரே.

4

புதியதும் நின்றது.

பழையது கால்வாசியில் நிற்கும். இது முக்கால்வாசி ஓடிவிட்டு நின்றது. 'பார்த்தீர்களா, முன்னேற்றம்' என்று நான் சொன்னதைக் கதையில் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் சொன்னேன்.

அண்ணி அதற்குச் சிரிக்கவில்லை. "எனக்குக் கை ராசி இல்ல தம்பி. நீங்க இருந்தா ஓடுது, நான் தொட்டா நிக்குது. இவ்ளோ நல்ல பொருளை வாங்கியும் எனக்கு ஓட்டத் தெரியல. திங்கட்கிழமை மேடத்துக்கிட்ட சொல்லிடப் போறேன், வேற யாரையாவது பார்த்துக்கங்கன்னு."

'மேடம்' என்பது தலைமையாசிரியை. ஒரு வரைவில் அவரைக் கடுகடுப்பானவராக எழுதினேன், கதைக்கு ஒரு வில்லி தேவைப்படுமே என்று. உண்மையில் அவர் திட்டவே இல்லை. பாடம் தாமதமானால் 'பரவாயில்லை, மெதுவாக அனுப்பு' என்பார். அண்ணிக்கு அதுதான் தாங்கவில்லை. திட்டுகிறவரிடம் நாமும் கொஞ்சம் கோபப்பட்டுக்கொள்ளலாம். பொறுத்துக்கொள்கிறவர் முன்னால் கூனிக்குறுகித்தான் நிற்க வேண்டும்.

எத்தனையோ ஆண்டுகளாகக் கணக்குப் பாடம் என்றால் அந்தக் குழந்தைகளுக்கு அண்ணியின் கைகள்தான். பின்னத்தைச் சொல்லும்போது ஒரு கையை ரொட்டியாக்கி இன்னொரு கையால் வெட்டுவார். அந்தக் கைகளுக்கு 'ராசி இல்லை' என்று அவரே தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தார். அதற்குச் சாட்சி சொன்னவன் நான்.

5

இங்கே கதை நின்றுபோனது.

எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்துவது வரை எழுதிவிட்டேன். கோடு நிற்பதையும் எழுதிவிட்டேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு வரி தேவைப்பட்டது. வரைவில் நீண்ட காலம் இப்படித்தான் இருந்தது:

[இங்கே அண்ணி என்ன செய்தார்?]

தெரியாது. நான் இருக்கும்போது அவர் என் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். தனியாக இருக்கும்போதும் அப்படித்தான் இருப்பார் என்று ஊகித்து எழுதினேன்: "அண்ணி கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்."

நல்ல வரி என்று எனக்கு ஒரு பெருமை. அதுவரை எழுதியதை மாடிக்கு எடுத்துக்கொண்டு போய் அண்ணியிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் சமையல் மேடையில் சாய்ந்து நின்று படித்தார். அந்த வரி வந்ததும் சிரித்துவிட்டார். பல வாரங்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு.

"நானா? கையைக் கட்டிக்கிட்டா? நல்லாத்தான் கற்பனை பண்றீங்க."

"பின்ன என்ன பண்ணுவீங்க?"

"அங்க மேடம் காத்துக்கிட்டு இருப்பாங்கல்ல. இதோ ஆயிடுச்சு, வந்துக்கிட்டே இருக்குன்னு யாரு சொல்றது?"

"போன்லயா சொல்வீங்க?"

"போன்ல எப்படிச் சொல்றது? மேடத்துக்கும் காது கேக்காதே, மறந்துட்டீங்களா? போனை ஒரு கையில பிடிச்சுக்கிட்டா மிச்சம் ஒரு கைதான் இருக்கு. ஒத்தக் கையில மன்னிப்புக் கேட்டா அது என்ன மரியாதை? டேப்லெட்தான் ஸ்டாண்டுல ரெடியா நிக்குதே. அதுலயே வீடியோ கால் போட்டு, ரெண்டு கையாலயும் சொல்லிட்டுத் திரும்ப வருவேன்."

"எழுதி அனுப்பலாமே?"

"எழுத்துக்கு முகம் ஏது தம்பி? எங்க மொழியில பாதி முகத்துலதான் இருக்கு. முகத்தைக் காட்டாம மன்னிப்புன்னு சொன்னா, வேண்டாவெறுப்பாச் சொல்ற மாதிரி இருக்கும்."

"நான் இருக்கும்போது மட்டும் ஏன் பேசறதில்ல?"

அவர் தாள்களை அடுக்கி மேடையில் தட்டினார். "உங்களுக்குத்தான் கொஞ்சம் சைகை புரியுமே. ஒவ்வொரு வாரமும் நான் கெஞ்சறதை நீங்க பார்க்கணுமா? வெக்கமா இருக்காதா?"

எனக்கு எல்லாம் அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. விளங்கியதும் நான் செய்தது இது: "சரி அண்ணி, அந்த வரியை மாத்திடறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி வந்துவிட்டேன்.

6

உங்களுக்கு மட்டும் விளக்குகிறேன். விளக்குவது என்றால் எனக்கு வெட்கம்கூடக் கொஞ்சம் விலகி நிற்கும்.

ஒரு வீட்டில் ஒரு விதி இருக்கிறது என்று வையுங்கள். அடுப்படியை விட்டு நகர்ந்தால் அடுப்பை அணைத்துவிட வேண்டும். நீங்கள் குழம்பு வைக்கிறீர்கள். வாசலில் ஒருவர் பசியோடு நிற்கிறார். 'இதோ ஆயிடுச்சு' என்று சொல்ல வாசலுக்குப் போகிறீர்கள். விதிப்படி அடுப்பு அணைகிறது. திரும்பி வந்தால் குழம்பு பாதியில் நிற்கிறது. 'அடுப்பு சின்னது, பெரியது வாங்கு' என்கிறான் ஒரு அறிவாளி. பெரிய அடுப்பு வருகிறது. தீ பலமாக எரிவதால், நீங்கள் வாசலுக்குக் கிளம்பும் முன்பே முக்கால்வாசி வெந்துவிடுகிறது. ஆனால் வாசலுக்குப் போனால் அதுவும் அணையும். விதி அடுப்பில் இல்லை, வீட்டில் இருக்கிறது.

டேப்லெட்டில் அந்த வீடு, அதை நடத்தும் மென்பொருள். திரையில் முன்னால் நிற்கும் செயலிதான் ஓடலாம். வீடியோ கால் முன்னால் வந்ததும் எக்ஸ்போர்ட் பின்னால் போய்விடும். பின்னால் தள்ளப்பட்டதை அந்த மென்பொருள் சற்று நேரத்தில் தூங்கவைத்துவிடும்.* பேட்டரி வீணாகாமல் இருக்க, சூடு ஏறாமல் இருக்க, நல்ல எண்ணத்தில் வைத்த விதி. சிப் எத்தனை மடங்கு வேகமானாலும் அந்த விதிக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

(* எல்லாவற்றையும் அல்ல. பாட்டு ஓடலாம். சில செயலிகள் அனுமதி வாங்கிப் பின்னாலும் வேலையைத் தொடரும். அண்ணியின் செயலி அப்படி வாங்கியிருக்கவில்லை. பாடம் சின்னதாக இருந்த காலத்தில், அவர் வீடியோ கால் போடுவதற்குள் வேலையே முடிந்திருக்கும். அதனால் யாருக்கும் தெரியவில்லை.)

ஆக, அண்ணி மன்னிப்புக் கேட்கப் போன ஒவ்வொரு முறையும், எதற்காக மன்னிப்புக் கேட்டாரோ அந்த வேலை நின்றது. நின்றதால் இன்னொரு மன்னிப்பு. அதனால் இன்னொரு நிறுத்தம்.

இதழுக்கான பதிலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புதிய டேப்லெட்டின் கேமராவில் வேகமாக அசையும் விரல்கள் கலங்காமல் தெரிகின்றன. அது உண்மையான லாபம். ஆனால் அதற்காக யாரும் அதை வாங்கவில்லை. வாங்க வைத்த காரணம் பொய். உங்கள் வேலையைத் தடுப்பது வேகமா, விதியா என்று முதலில் பாருங்கள். விதி என்றால், எவ்வளவு பலமான பொருளை வாங்கினாலும் அதே இடத்தில்தான் முட்டிக்கொள்வீர்கள். பார்ப்பதற்கு ஒரே ஒரு முறை பக்கத்தில் உட்கார்ந்து, கைகள் என்ன செய்கின்றன என்று கேட்டால் போதும்.

நான் கேட்கவில்லை. டேப்லெட்டின் முதுகைத் தடவினேன்.

7

முடிவுகள். மூன்று யோசித்திருந்தேன்.

ஒன்று: நான் மாடிக்குப் போய், 'அண்ணி, புது அப்டேட் வந்திருக்கு, இனிமே நிக்காது. ஆனா ஓடும்போது மட்டும் தொடாதீங்க' என்கிறேன். பாடம் போய்ச் சேர்கிறது. யாருக்கும் தலைகுனிவு இல்லை. சுத்தமான, வசதியான முடிவு. என் பட்டப்பெயரும் பிழைத்துக்கொள்ளும். அண்ணிக்கு மட்டும் கடைசிவரை கை ராசி இல்லை.

இரண்டு: உண்மையைச் சொல்கிறேன். அண்ணி அலமாரியின் மேலிருக்கும் பெட்டியைப் பார்க்கிறார். அண்ணன் கீழே ஸ்கூட்டரை உதைக்கும் சத்தம் கேட்கிறது. அண்ணி திரும்பி என்னைப் பார்த்து

மூன்றாவதை எழுதவே இல்லை. இரண்டாவதே இங்கே நின்றுவிட்டதே. அவர் முகத்தில் என்ன தெரியும் என்று எனக்குத் தெரியாது. அவரை ஒருமுறை ஊகித்து எழுதப் போய்த்தான் கையைக் கட்டி உட்காரவைத்தேன். இரண்டாவது முறை அந்தத் தப்பைச் செய்ய மாட்டேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். இந்தக் கதையில் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. அதை விட்டுவிட்டு நான் அடிக்கடி வாசலுக்கு வந்து உங்களிடம் 'இதோ சொல்லிவிடுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள்' என்று இரண்டு கையாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அடைப்புக்குறிகளைப் பாருங்கள், நட்சத்திரக் குறிகளைப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் கதை பின்னால் போய்த் தூங்கியிருக்கிறது.

இதை முதலில் படிக்கப்போகிறவர் அண்ணி. நாளை ஞாயிறு. காலையில் இந்தத் தாள்களைக் கொண்டுபோய்ச் சமையல் மேடையில் வைத்துவிட்டு, இந்தத் தடவை படியிறங்காமல் அங்கேயே நிற்பேன். முடிவு அவருடையது. இனி உங்கள் பக்கம் திரும்ப மாட்டேன்.

8

அண்ணி, உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை. தப்பாகச் சொன்னது நான்.

எக்ஸ்போர்ட்டை அழுத்துவதற்கு முன்னால் சார்ஜரைச் செருகுங்கள். திரை தானாக அணைவதை அமைப்பில் நிறுத்திவையுங்கள். மேடத்திடம் பேச வேண்டுமானால் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து நிறுத்திக்கொண்டு, இரண்டு கையாலும் பேசுங்கள். கோடு கடைசிவரை போகும்வரை அந்தச் செயலி திரையில் முன்னாலேயே இருக்கட்டும், டேப்லெட்டைத் தொடாதீர்கள். நிற்காது.

அலமாரியின் மேல் இருக்கும் பழையதை இறக்கி, நேற்று உங்களுக்குத் தெரியாமல் அதிலேயே இருந்த உங்கள் நீளமான பாடத்தை எக்ஸ்போர்ட் போட்டு, முடியும்வரை தொடாமல் பார்த்தேன். அதிலும் நிற்கவில்லை.