பதினெட்டு வருஷப் புது எழுத்தாளர்

என் வீட்டுக்காரர் பதினெட்டு வருஷமாகப் புது எழுத்தாளர். நான் சொல்லவில்லை, போட்டி நடத்துகிறவர்கள் சொல்கிறார்கள். எங்கோ கடல் தாண்டிய ஊரிலிருந்து வருஷா வருஷம் புது எழுத்தாளர்களுக்கென்று உலகச் சிறுகதைப் போட்டி ஒன்று நடத்துகிறார்கள். எந்த மொழியிலும் அனுப்பலாம், எந்த வயதிலும் அனுப்பலாம். ஒரே நிபந்தனை, எழுதியவர் பெயரில் ஒரு புத்தகமும் வந்திருக்கக் கூடாது. சொந்தமாக அச்சடித்ததும் சேர்த்தி. இவருக்குத் தலை நரைத்து, நரைத்ததும் பாதி கொட்டிவிட்டது. இன்னும் புதுசுதான்.

அவருக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் உட்கார வைப்பது. கடையில் அவரை 'உலக எழுத்தாளர்' என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, ஆவியில் வைத்தெடுத்து, துணியில் கட்டிக் கொடுக்கும் பிரிவு. எப்போதும் மதிய ஷிப்ட். அவர் வீடு திரும்பும்போது நான் இருக்க மாட்டேன். நான் திரும்பும்போது அவர் எழுதி முடித்துக் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார். முடிவு வரும் நாளில் மட்டும் அவருக்குச் சோறு இறங்காது. "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று தட்டைத் தள்ளி வைப்பார். அந்தத் தட்டைக் கழுவிக் கழுவி எனக்கும் சலித்துவிட்டது.

இந்த வருஷம் பொறுக்கவில்லை. பிறந்தநாளுக்கு ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்து இந்தப் பைத்தியத்துக்கு முடிவு கட்டுவோம் என்று, அவருக்குத் தெரியாமல் கதைகளை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனேன். நிபந்தனை எனக்குத் தெரியாதா? தெரியும். இவர் எங்கே ஜெயிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அச்சகக்காரர் தாள்களை நீட்டி, "ஒரு தடவ படிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்கம்மா. அப்புறம் எங்களக் கொறை சொல்லக் கூடாது" என்றார். அப்படித்தான் முதல் முறையாக அவர் கதைகளைப் படித்தேன். எல்லாக் கதையிலும் ஒரு கணவன் இருந்தான். எல்லாக் கதையிலும் அவன் மனைவி செத்துப்போயிருந்தாள். ஒருத்தி காய்ச்சலில் போனாள், ஒருத்தி பஸ்ஸில் அடிபட்டுப் போனாள், ஒருத்தி எப்படிப் போனாள் என்றே இல்லை, செருப்பு மட்டும் வாசலில் கிடந்தது. குத்துக்கல்லாட்டம் நான் இருக்கும்போதே! வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே கிழித்துப் போட்டிருப்பேன். அட்டையில் அவர் பெயரைப் பெரிய எழுத்தில் பார்த்ததும் கை வரவில்லை. "அடிச்சுக் குடுங்க" என்றேன்.

புத்தகம் வந்ததும் சும்மா இருக்க முடிகிறதா? என் பிரிவில் இருப்பவர்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்தேன். மிச்சத்தைப் பெட்டியோடு பீரோவில் பழைய போர்வைக்கு அடியில் ஒளித்து வைத்தேன். பிறந்தநாள் நெருங்கிய ஒரு காலையில் போட்டி நடத்துகிறவர்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. உலகம் முழுக்க வந்த கதைகளில் கடைசி ஐந்தில் இவர் கதையும் ஒன்று.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கத்தினார். "படிச்சிருக்காங்கம்மா! யாரோ முழுசாப் படிச்சிருக்காங்க!"

கடிதத்தின் அடியில் ஒரு கேள்வி இருந்தது. உங்கள் பெயரில் புத்தகம் ஏதும் வெளிவந்துள்ளதா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். அவர் சிரித்தார். "நாளைக்கு அனுப்பிக்கலாம். உடனே அனுப்பினா அலையறான்னு நெனப்பாங்க." நான் போய் பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் கொடுத்த புத்தகங்களை எல்லாம் திருப்பிக் கேட்டேன். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறாளே என்று ஒரு மாதிரி பார்த்தார்கள், பார்க்கட்டும். ஒருத்தி மட்டும் கையை விரித்தாள். "அத எங்க மாமியார் இன்னிக்குக் கண்ணாடிக் கடைக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்கக்கா. புதுக் கண்ணாடி போட்டுப் படிச்சுப் பாக்க ஏதாவது வேணும்னாங்க."

"எந்தக் கடைக்கு?" என்றேன். கேட்டிருக்கவே வேண்டாம். எங்கள் பிரிவில் யார் வீட்டுக்குக் கண்ணாடி தேவைப்பட்டாலும் நான்தான் இவர் கடைக்கு அனுப்பி வைப்பேன்.

பாதியில் லீவு சொல்லிவிட்டு ஓடி வந்தேன். அவர் எனக்கு முன்பே வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு அம்மா வந்தாங்க" என்றார். "கண்ணாடியப் போட்டுவிட்டு, ஏதாவது படிங்கன்னு சொன்னேன். பையிலேருந்து புத்தகத்த எடுத்து சத்தமாப் படிச்சாங்க. ரெண்டு வரி வரைக்கும் வேற யாரோ எழுதினதுன்னுதான் நெனச்சேன். பரவால்லயே, நல்லா எழுதியிருக்கானேன்னுகூடத் தோணுச்சு."

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மன்னிப்புக் கேட்கப் போன வாய் பாதியில் சண்டைக்குத் திரும்பியது. "இல்லைன்னு போடுங்க. அவங்களுக்கு எங்க தெரியப்போகுது? பெட்டிய நாளைக்கே பழைய பேப்பர்காரர்கிட்டப் போட்டுடறேன்."

அவர் அம்புக்குறியை 'இல்லை' மேல் கொண்டுபோய் நிறுத்தினார். வெகுநேரம் அங்கேயே வைத்திருந்தார். ஆசை இல்லாத மனுஷனா அவர்? அழுத்துங்களேன், அழுத்தித் தொலையுங்களேன் என்று என் மனசு அடித்துக்கொண்டது.

"அந்தம்மா கண்ணாடியக் கழட்டவே இல்ல" என்றார். "நின்னபடியே முழுக் கதையும் படிச்சாங்க. கடைசியில மூக்க உறிஞ்சினாங்க. இப்ப இல்லைன்னு போட்டா, அந்தம்மா படிச்சதையும் இல்லைன்னுதான சொல்லணும்?"

கையை நகர்த்தி 'ஆம்' என்பதை அழுத்தினார். அனுப்பியும் விட்டார். அவ்வளவுதான், முடிந்தது. பிறகு தன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். கெடுத்தவளே ஆறுதல் சொன்னால் நன்றாகவா இருக்கும்? வேறு பேச்சு எடுத்தேன்.

"ஒண்ணு கேக்கறேன். எல்லாக் கதையிலயும் என்னைய ஏன் கொன்னீங்க?"

"நான் எழுதறப்ப நீ என்னிக்கு வீட்ல இருந்திருக்க? வீடு அப்படித்தான் இருக்கும்" என்றார். "சரி, அடுத்த கதையில உயிரோட வெச்சிடறேன்."

"வேணாம் சாமி. உயிரோட வெச்சா அங்கயும் நான்தான் சமைக்கணும்."

"சமைக்க வேணாம். சும்மா உக்காந்திருக்கற மாதிரி எழுதறேன்."

அவர் அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. முழங்கால் வேறு விண்விண்ணென்று வலித்தது. அடுப்பில் ஒன்றும் வைக்கவில்லை. இருந்தாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.