முழுதாக ஒருமுறை

சம்யுக்தாவால் உட்கார முடியவில்லை. மேடைக்கும் ஒலிமேசைக்கும் இடையே நடந்துகொண்டே இருந்தாள்.

"கால்ல சக்கரம் கட்டியிருக்கியா தங்கச்சி?" என்றார் கௌஸ் முகம்மது. கீழக்கரைக்காரர், ஒலி அவர் பொறுப்பு. காலையில் இருவரும் அபுதாபியிலிருந்து ஒரே வண்டியில் அல் ஐன் வந்திருந்தார்கள்.

"சாயங்கால மக்ரிப் பாங்குக்கு முன்னாடி வாசிச்சு முடிஞ்சிடும்ல பாய்?"

"எத்தனை தடவை கேப்பே? நீயும் பார்த்தே, நானும் போன்ல பார்த்தேன். கைதட்டி ஓயவும் பாங்கு சொல்லவும் சரியா இருக்கும்."

முன்வரிசையில் ஹில்யே ராண்ட்மா அமர்ந்திருந்தார். எஸ்தோனிய இசையமைப்பாளர், எண்பதை நெருங்குபவர். மேடையில் ஒலித்துக்கொண்டிருந்த சிம்பொனியை அவர் இளம் வயதில் எழுதினார். தலைநகர் தாலினில் முதன்முதலாக வாசித்த அன்று, பாதியில் ஓர் அதிகாரி எழுந்து நிறுத்தச் சொன்னார். சோவியத் காலம். அதன்பின் பல ஆண்டுகள் பொம்மைப் படங்களுக்கு இசை எழுதிப் பிழைத்தார். நாடு விடுதலையானதும் அவர் எழுதியவை ஊர் ஊராக ஒலித்தன. இதை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. இப்போதுதான் கொடுத்திருக்கிறார், திறந்த வெளியில், அந்தி நேரத்தில் என்று கேட்டு. பாதியில் நிற்காது என்று நிகழ்ச்சிப் பொறுப்பாளரான சம்யுக்தா வாக்குக் கொடுத்திருந்தாள்.

கடைசிப் பகுதி தொடங்கியது. வயலின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. பேரீச்ச மரங்களுக்குப் பின்னாலிருந்து பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது.

கௌஸ் போனைப் பார்த்தார். முகம் மாறியது. "நாம பார்த்தது அபுதாபி நேரம். இங்க கிழக்கு, சூரியன் முந்தி விழுந்துடும். ரெண்டு பேரும் போன்ல ஊரை மாத்தவே இல்ல."

பாங்கு ஒலிக்கையில் இங்கே யாரும் வாசிப்பதில்லை. இசைக்குழுவை நடத்தியவர் சம்யுக்தாவைப் பார்த்தார். அவள் கையைத் தூக்கினாள். எல்லாம் நின்றது.

ஹில்யே கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். சம்யுக்தா ஓடினாள்.

"என் தப்பு மேடம். பாங்கு முடிஞ்சதும் விட்ட இடத்திலிருந்து..."

"விட்ட இடம் என்று ஒன்று இல்லை. அறுந்துவிட்டது."

நாற்காலிகள் காலியாகிக்கொண்டிருந்தன.

"எல்லோரும் போகிறார்களா?"

"தொழப் போறாங்க."

"திரும்பி வருவார்களா?"

"தெரியல."

கௌஸ் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே கடந்து போனார். "கிழவியம்மாவைப் பிடிச்சு வை. தொழுதுட்டு ஓடி வந்துடறேன்."

ஹில்யே வாசலுக்கும் போகவில்லை, உட்காரவும் இல்லை. கைப்பையைப் பிடித்தபடி நின்றார். சற்று நேரத்தில் ஒரு குடும்பம் திரும்பி வந்தது. பிறகு நாலைந்து ஆண்கள், முழங்கை ஈரத்தோடு. பிறகு இன்னும் சிலர். பாதிப் பேர்தான். ஹில்யே மேடைப் பக்கம் திரும்பினார்.

"முதலிலிருந்து," என்றார்.

சம்யுக்தா போனில் அல் ஐன் என்று தட்டி, அடுத்த பாங்கான இஷாவின் நேரத்தைத் தேடினாள். உடனே தொடங்கினால் அதற்குள் முடித்துவிடலாம்.

"யல்லா, இனி ஒரு நிமிஷம் வீணாக்காதே," என்றார் மூச்சிரைக்க வந்த கௌஸ்.

மீண்டும் தொடங்கியது. கடைசி வயலின் ஓய்ந்ததைச் சம்யுக்தா கேட்கவில்லை. போனில் நேரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைதட்டல் கேட்டுத்தான் நிமிர்ந்தாள்.