சேத்து டாக்டரின் பாரம்

சேத்து டாக்டரின் மகள் இறந்துபோன செய்தி வந்த அன்று மாலையிலிருந்து, அந்த ஆழ்கடல் ஆராய்ச்சிக் கப்பல் இடப்பக்கமாகச் சாய்ந்து ஓடத் தொடங்கியது. செய்தியைச் சொன்னது அவருடைய மச்சான், செயற்கைக்கோள் போனில், விட்டு விட்டுக் கேட்ட குரலில். ஒன்பது வயதுப் பிள்ளை, நாலு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். டாக்டர் என்றால் வைத்தியர் இல்லை. கடலின் அடித்தரைச் சேற்றை ஆராய்ந்து பட்டம் வாங்கியவர் என்பதால் மாலுமிகள் வைத்த பெயர் அது. அவரும் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். கேப்டன் அவரைத் தன் அறைக்கு அழைத்து, "ஒரு வார்த்தை சொல்லுங்க டாக்டர், கப்பலைத் திருப்பிடறேன். மேல யாரு கேட்டாலும் நான் பாத்துக்கறேன்" என்றார். துறைமுகம் இரண்டு வாரத் தூரத்தில் இருந்தது. "வேண்டாம் சார், வேலையை முடிப்போம்" என்று சொல்லிவிட்டு டாக்டர் இடப்பக்கம் இருந்த தன் அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். அப்போதுதான் கப்பல் முழுக்க இருந்த பென்சில்கள் மேசைகளிலிருந்து இடப்பக்கமாக உருண்டு விழுந்தன.

எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது என்று தலைமை இன்ஜினியர் அடித்தளம் முழுவதையும் டார்ச் அடித்துத் தேடினார். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சரி போகட்டும் என்று இடப்பக்கத் தொட்டி நீரை வலப்பக்கத் தொட்டிக்கு மாற்றிக் கப்பலை நிமிர்த்தினார். காலையில் டாக்டர் டீ குடிக்க வலப்பக்கம் இருந்த சாப்பாட்டு அறைக்கு வந்தார். கப்பல் அந்தப் பக்கம் அப்படியே கவிழ்ந்துவிடும்போல் சரிந்தது. விஷயத்தைக் கண்டுபிடித்தவர் சமையல்காரர். "தொட்டியில ஒரு கோளாறும் இல்ல கேப்டன். டாக்டர் போற பக்கம் கப்பல் போகுது. என் சூப்பு மொத்தமும் தரையில" என்றார். டாக்டரை எடை பார்த்தார்கள். புறப்பட்ட அன்று இருந்த அதே எடைதான் காட்டியது. அதற்குமேல் யாரும் அதைப் பற்றி ஆராயவில்லை, ஆராய்வதற்கென்றே வந்த கப்பலாக இருந்தும். அவர் கட்டிலை நட்டநடுவில் இருந்த கருவி அறைக்கு மாற்றினார்கள். ஏதாவது ஒரு பக்கம் போக வேண்டியிருந்தால், "வலது பக்கம் வரேன்பா" என்று டாக்டர் முன்கூட்டியே குரல் கொடுப்பார். இன்ஜினியர் பம்பைப் போடுவார், சமையல்காரர் பானையைப் பிடித்துக்கொள்வார், சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் தட்டைப் பிடித்துக்கொள்வார்கள். ஆறுதல் என்று யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தட்டைப் பிடித்துக்கொண்டார்கள்.

வேலை நின்றுவிடவில்லை. நீண்ட இரும்புக் குழாயைக் கம்பியில் கட்டி இறக்குவார்கள். அது ஐந்து கிலோமீட்டர் ஆழத்தில் தரையில் குத்தி நிற்கும். இழுத்தால் உள்ளே சேறு தூணாக மேலே வரும். ஒருநாள் வலப்பக்கம் இறக்கிய குழாய் தரையில் சிக்கிக்கொண்டது. இழுவை இயந்திரம் புகைந்தது, கம்பி முறுகியது. எல்லோருக்கும் தோன்றியது ஒன்றுதான், ஆனால் கேட்க யாருக்கும் நாக்கு எழவில்லை. டாக்டரே எழுந்து இடப்பக்க ஓரத்துக்கு நடந்து போய்க் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றார். கப்பல் அவரை நோக்கிச் சாய்ந்தது, வலப்பக்கம் உயர்ந்தது, குழாய் பிடுங்கிக்கொண்டு வந்தது. அந்தப் பயணத்திலேயே நீளமான சேற்றுத் தூண் அதுதான். கப்பலில் யாரும் கைதட்டவில்லை. அவர் அதைப் பிளந்து மேசைமேல் கிடத்தினார். ஒரு விரல் தடிமன் சேறு படிய ஆயிரம் வருஷம் ஆகும். மேல் நுனியில், ஒன்பது வருஷம் எவ்வளவு இருக்கும் என்று கத்தியை வைத்துப் பார்த்தார். அவ்வளவு மெல்லிய கத்தி கப்பலில் இல்லை.

பயணம் முடிந்து அவர் துறைமுகத்தில் இறங்கியபோது, கப்பல் ஒரு முழம் மேலே எழும்பியது. வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வீடும் சாய்ந்திருந்தது. மகளின் அறை இருந்த பக்கம் சுவர் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. நிலத்தடிக் குழாய் உடைந்திருக்கும் என்று சொல்லிவிட்டு நகராட்சி ஆட்கள் போயிருந்தார்கள். அவர் மனைவி அந்த அறையை விட்டு அவ்வளவாக வெளியே வருவதில்லை என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். கதவைத் திறந்தவள், "அதுக்குள்ள வந்துட்டீங்க. வேலை முடிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே திரும்பிப் போனாள். அவர் போய் மறுகோடியில், சமையலறைச் சுவரோரம் உட்கார்ந்தார். வீடு ஒருமுறை முனகிவிட்டு நிமிர்ந்து நின்றது.

மழைக்காலம் போய் வெயில் வரும்வரை அப்படியே வாழ்ந்தார்கள். அவள் சமைக்க வந்தால் அவர் எழுந்து எதிர்ப்பக்கம் போவார். அவள் திரும்பினால் அவரும் திரும்புவார். ஹாலின் நடுவில் ஒருவரையொருவர் தொடாமல் கடந்துகொண்டார்கள். வீடு மட்டத்தில் நின்றது, விரிசல்கூட விடவில்லை. தெருவில் எல்லோரும், பரவாயில்லை, சமாளித்துக்கொண்டார்கள் என்று நினைத்தார்கள்.

ஒரு மத்தியானம் அவள் அறைக்குள் இருந்தபடியே கேட்டாள்.

"கேப்டன் கப்பலைத் திருப்பறேன்னு சொன்னாராமே?"

"ஆமா."

"நீங்கதான் வேண்டாம்னீங்களா?"

"ஆமா."

"ஏங்க? நான் இங்க தனியா அவ துணியை மடிச்சு வெச்சுக்கிட்டு இருந்தேனே... ஏன்?"

அவர் சமையலறைச் சுவரைப் பார்த்தபடியே, "கடல்ல இருக்கறவரைக்கும் அவ வீட்டுல இருக்கான்னு இருந்துச்சு. வந்து பாத்தா இல்லாமப் போயிடுவாளேன்னு பயந்துட்டேன்" என்றார். உள்ளேயிருந்து அழும் சத்தம் வந்தது. அவர் வந்ததிலிருந்து அவள் அழுது அன்றுதான் கேட்டார். எழுந்தார். ஹாலின் நடுக்கோட்டைத் தாண்டினார். பாத்திரங்கள் விழுந்தன, சோபா வழுக்கிக்கொண்டு வந்தது, குளிர்சாதனப் பெட்டி வாயைத் திறந்துகொண்டு பின்னாலேயே ஊர்ந்தது. அவள் வராதீங்க என்று சொல்லவில்லை. சின்னக் கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அவர் உட்கார்ந்தார். வீடு அந்தப் பக்கமாக ஜன்னல் மட்டம்வரை இறங்கி, அங்கேயே நின்றது.

இப்போதும் அப்படித்தான் நிற்கிறது. பால் போடுபவர் பாக்கெட் உருளாமல் இருக்க வாசலில் ஒரு செங்கல் வைத்திருக்கிறார். தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் அந்த வீட்டுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, அங்க ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருக்காங்க" என்கிறார்கள். கேட்டவர்களும் தலையாட்டிவிட்டுத் தங்கள் சாமான்களை இறக்கப் போய்விடுகிறார்கள்.