முதலில் பேச வேண்டியவள்

விங் கமாண்டர் வத்சலாவின் வீட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே ஒரே கொண்டாட்டம். டெல்லியிலேயே வளர்ந்த மகள் சிந்துவுக்கு வெளிநாட்டில் மேல்படிப்புக்கு முழு உதவித்தொகை கிடைத்திருந்தது. மெயில் வந்த நேரத்திலிருந்து அவள் கால் தரையில் பாவவில்லை.

"ஹாஸ்டல்கூட ஃப்ரீ அம்மா. சச் மே, நிஜமாத்தான். நீ ஒரு பைசா தர வேணாம்."

மாலையில் டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸின் இரண்டாவது மாடிக்கு மூச்சு வாங்க ஏறி வந்தார் சேஷன். விமானப்படையில் ஏர் கமோடராக இருந்து ஓய்வு பெற்றவர். வத்சலா வேலையில் சேர்ந்தபோது அவர்தான் அவளுடைய மேலதிகாரி. இப்போது 'ஆலோசகர்'. இந்தியாவுக்குப் போர் விமானம் விற்கத் துடிக்கும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்குத்தான் அவர் ஆலோசனை சொல்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். வாய்விட்டு யாரும் சொல்வதில்லை.

"கங்கிராட்ஸ் சிந்து. எந்த மாசம் கிளம்பற?" என்றபடி சோபாவில் உட்கார்ந்தார்.

வத்சலாவுக்குச் சுருக்கென்றது. சென்னை போயிருக்கும் கணவருக்குக்கூட இன்னும் ஃபோன் செய்யவில்லை.

"உங்களுக்கு யார் சார் சொன்னது?"

"யார் சொல்லணும்? பணம் குடுக்கற ஃபவுண்டேஷன் நம்ம கம்பெனியோடதுதானேம்மா."

வத்சலா சிந்துவை டீ போட உள்ளே அனுப்பினாள். சேஷன் குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்கு எங்க விமானத்தை வாங்கலாமான்னு முடிவு பண்ற கமிட்டி. வழக்கம்போல நீதான் முதல்ல பேசணும். அதான் உன்னைப் பாக்க வந்தேன்."

படையில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. கருத்துக் கேட்டால் இருப்பவர்களிலேயே இளையவர் முதலில் பேச வேண்டும். பெரியவர் பேச்சைக் கேட்டுவிட்டுச் சின்னவர் தலையாட்டக் கூடாது என்பதற்காக வந்த நல்ல வழக்கம். டெல்லிக் கமிட்டி அறைகளில் அது தலைகீழாகிப் போனது. இளையவர் 'சரி' என்பார். மற்றவர்கள் வரிசையாக 'முன்னவர் சொன்னதை ஆமோதிக்கிறேன்' என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொள்வார்கள். நாளைக்கு வில்லங்கம் வந்தால் முதலில் வாய் திறந்தவர் தலையில் விடியும். அதனால்தான் சேஷன் பெரிய அதிகாரிகளின் பங்களாப் பக்கம் போகாமல் இங்கே படியேறியிருந்தார்.

"சார், ராஜஸ்தான்ல நடந்தது உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். விமானத்தின் ஒரு பாகத்தைக் கழற்றி வேறு மாட்டி, நம் ஆட்களே அதை மறுபடி கிளப்பிக் காட்ட வேண்டும் என்பது சோதனையின் விதி. பராமரிப்புப் பொறுப்பிலிருந்த வத்சலாவின் ஆட்கள் ரேடார் பெட்டியை மாற்றினார்கள். உடனே விமானியின் திரை பூட்டிக்கொண்டது. ரகசிய எண் கேட்டது. கம்பெனி இன்ஜினியர் தன் நாட்டுக்கு ஃபோன் போட்டார். அங்கே பண்டிகை விடுமுறை. யாரும் எடுக்கவில்லை. பல ஆயிரம் கோடி பேரம் பேசப்படும் விமானம் பாலைவன வெயிலில் வெறும் தகரமாக நின்றது.

"அது ஒரு சாஃப்ட்வேர் சமாச்சாரம். காண்ட்ராக்ட் ஆனப்புறம் சரி பண்ணிடுவா. 'உறுதிமொழியின் பேர்ல ஏத்துக்கலாம்'னு நீ சொல்லு, போதும்."

"வண்டிய நமக்கு வித்துட்டு சாவிய அவங்க வச்சுக்குவாங்க. சண்டை வந்தா, அங்க ஆபீஸ் தொறக்கற வரைக்கும் எதிரிய வெயிட் பண்ணச் சொல்லணுமா?"

"சாவிய எந்த வெளிநாட்டுக்காரன் குடுத்திருக்கான்?"

"அதனாலதான் ஏற்கெனவே வாங்கின விமானத்துல பாதி பறக்காம ஹேங்கர்ல நிக்குது. ஒண்ணப் பிரிச்சு இன்னொண்ணுக்கு மாட்டிப் பறக்க விடறோம்."

சேஷன் சிரித்தார். "நீ 'வேண்டாம்'னா ஸ்காலர்ஷிப் போயிடும். நாளைக்குப் போய் நான் வந்ததைப் போட்டு உடைக்கலாம்னு தோணும். உடைச்சா, உன் பொண்ணு எங்க காசுல படிக்கப் போறாங்கறதும் வெளில வரும். கமிட்டிலேர்ந்து தூக்கிடுவா. வரவேண்டிய ப்ரமோஷனும் வராது. ரெண்டு கதவையும் சாத்திட்டுத்தாம்மா வந்திருக்கேன்."

டீயுடன் சமையலறை வாசலிலேயே நின்றிருந்தாள் சிந்து. அவர் போகும்வரை அவள் அசையவில்லை.

"நான் மார்க் வாங்கித்தானே அப்ளை பண்ணேன்?"

"மார்க் உன்னோடதுடி. பணம் அவங்களோடது."

"தோ க்யா? அதுக்கென்ன? எல்லாரும்தான் வாங்கறாங்க."

"எல்லாரும் கமிட்டில முதல்ல பேசறதில்ல."

சிந்து தன் அறைக் கதவை அறைந்து சாத்தினாள். வத்சலா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மறுநாள் கமிட்டி அறை. ஃபோன்களை வெளியே வாங்கி வைத்துவிட்டார்கள். தலைவர் பட்நாகர், அரசுச் செயலர்களில் ஒருவர். அவரோடு வத்சலா, குரூப் கேப்டன் லட்சுமணன், நிதி அதிகாரி மல்ஹோத்ரா, கொள்முதல் பிரிவின் ஏர் மார்ஷல் ஒருவர். லட்சுமணன் கோயம்புத்தூர்க்காரர், சோதனை விமானி, பதவியில் வத்சலாவுக்கு ஒரு படி மேல். அந்த விமானத்தை ஓட்டிப் பார்த்ததிலிருந்து அதன்மேல் அவருக்குக் காதல்.

"நீ ஏதாவது சொல்லிரு வத்சலா. நான் அப்படியே பின்னால வந்தர்றேன்," என்று காண்டீனிலேயே சொல்லியிருந்தார்.

பட்நாகர் தலையசைத்தார். "வழக்கம்போல விங் கமாண்டர் ஆரம்பிக்கட்டும்."

வத்சலா எழுந்தாள்.

"என் கருத்துக்கு முன்னால் ஒரு விஷயம். நேற்று இந்தக் கம்பெனியின் ஆலோசகர் சேஷன் என் வீட்டுக்கு வந்தார். கம்பெனியின் ஃபவுண்டேஷன் என் மகளுக்கு உதவித்தொகை கொடுத்திருக்கிறது. பதிலுக்கு இந்த விமானத்துக்கு நான் 'சரி' சொல்ல வேண்டுமாம். அந்தப் பணம் வேண்டாம் என்று இங்கேயே சொல்கிறேன்."

பட்நாகரின் காது மடல் சிவந்தது.

"அப்படியானால் நீங்கள் இந்தக் கமிட்டியில் உட்கார முடியாது. உங்கள் கருத்தும் செல்லாது. விசாரணை வரும். போகலாம்."

சேஷன் சாத்திய கதவு அச்சு அசலாக அவர் சொன்னபடியே சாத்திக்கொண்டது. வத்சலா பையை எடுத்தாள். பக்கத்து நாற்காலியைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

"நான் போயிட்டா நீங்கதான் சார் ஜூனியர்."

லட்சுமணனுக்கு அப்போதுதான் உறைத்தது. எத்தனையோ கமிட்டிகளில் உட்கார்ந்தவர், ஒன்றில்கூட முதலில் வாய் திறந்ததில்லை.

"குரூப் கேப்டன், உங்கள் கருத்து?" பட்நாகர் அவசரப்பட்டார்.

வத்சலா கதவுப் பிடியில் கைவைத்தபடி நின்றாள். லட்சுமணன் தண்ணீர் குடித்தார். கர்ச்சீப்பை எடுத்து வாயைத் துடைத்தார்.

"நான் ஓட்டியதிலேயே அருமையான விமானம் சார்."

பட்நாகர் நிம்மதியாகச் சாய்ந்தார்.

"ஆனால் நாட்டுக்காகப் பறக்கப் போகிறவன் நான். நான் கிளம்பலாமா என்று வேறு நாட்டில் ஒருவன் ஃபோனை எடுத்துச் சொல்ல வேண்டுமென்றால் எனக்கு அது வேண்டாம். சாவியைக் கொடுத்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் திருப்பி அனுப்புங்கள்."

மேசையின் மறுபக்கம் மல்ஹோத்ரா கையிலிருந்த காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். தன் முறை வந்துவிட்டதென்று தெரிந்ததும், எத்தனையோ வருஷப் பழக்கத்தில் வாய் தானாகத் திறந்தது.

"முன்னவர் சொன்னதை ஆமோதிக்கிறேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. திருத்திச் சொல்ல வாயெடுத்தார். திருத்தினால் அது அவருடைய சொந்தக் கருத்தாகிவிடும். சொந்தக் கருத்துக்குச் சொந்தத் தலை வேண்டும். வாயை மூடிக்கொண்டார். ஏர் மார்ஷல் மேசையைப் பார்த்தபடி, "நானும்தான்," என்றார்.

பட்நாகர் மட்டும் தனியாக மிச்சமானார். வத்சலா கதவைத் திறந்து வெளியேறினாள்.

சாயங்காலத்துக்குள் எல்லாம் வந்து சேர்ந்தது. மறுநாள் விசாரணைக்கு ஆஜராக உத்தரவு. பதவி உயர்வு நிறுத்திவைப்பு. சிந்துவுக்கு, உதவித்தொகை ரத்தானதாக இரண்டு வரி மெயில். கடைசியில் சேஷனின் ஃபோன்.

"சாதிச்சுட்டதா நினைக்காதே. அடுத்த வருஷம் வேற கமிட்டி வரும், வேற ஆள் உக்காருவான்."

"உக்காரட்டும் சார். யாருன்னு தெரிஞ்சதும் எனக்கும் சொல்லுங்க. உங்களுக்கு முன்னால அவன் வீட்டுல நான் போய் நிக்கறேன்."

ஃபோனை வைத்துவிட்டு, நாளைக்கு உடுத்த வேண்டிய யூனிஃபார்மை இஸ்திரி போட ஆரம்பித்தாள். அறைக் கதவு திறந்தது. சிந்துவின் கண்கள் வீங்கியிருந்தன.

"உன்மேல இன்னும் கோபம்தான் எனக்கு."

"இருக்கட்டும்."

"நாளைக்கு அந்த அங்கிள் நம்ம வீட்டுக்கு வரவே இல்லேன்னு சொல்வாரு. அப்ப என்ன பண்ணுவ?"

"நடந்ததைச் சொல்லுவேன்."

"நீ மட்டும் சொன்னா யார் நம்புவாங்க? அவர் பேசினதெல்லாம் நானும் கேட்டேன்ல." சிந்து மூக்கை உறிஞ்சினாள். "என்னையும் கூட்டிட்டுப் போ. தமிழ்ல கேட்டா தடுமாறுவேன். ஹிந்தில கேக்கச் சொல்லு. ஒரு வார்த்தை விடாம சொல்றேன்."