மாப்பிள்ளை அறைக்கு வாசனை

ஆஸியா பீவியின் வீட்டுக்கும் மலர்க்கொடியின் கருவாட்டுக் கொல்லைக்கும் நடுவில் ஓர் ஆள் உயரச் சுவர்தான் இருந்தது. அது ஆளைத்தான் தடுக்கும், வாடையைத் தடுக்காது. ஆனால் இத்தனை வருஷமாக ஆஸியா பீவி அந்த வாடையை ஒரு பொருட்டாக நினைத்ததே இல்லை. சுவரில் ஒரு சின்னக் கதவு இருந்தது. அந்தப் பக்கம் நெத்திலி காய்ந்தால் அந்தக் கதவு வழியாக ஒரு கை நெத்திலி வரும். இந்தப் பக்கம் பெருநாளைக்கு நெய்ச்சோறு ஆக்கினால் அதே கதவு வழியாக ஒரு சட்டி போகும். மகள் ஜன்னத்துல் பிர்தௌஸுக்கு மாப்பிள்ளை பேசி முடித்த அன்றுதான் ஆஸியா பீவிக்குப் புதிதாக ஒரு மூக்கு முளைத்தது.

அன்று மாப்பிள்ளை வீட்டுக் கூட்டத்தோடு வந்த பெரியம்மாக்காரி ஷரீபுன்னிசா, கூடத்தில் உட்கார்ந்ததும் முந்தானையை எடுத்து மூக்கில் வைத்தாள். ஜலதோஷமாக இருந்திருக்கலாம். பலகாரத் தட்டு வந்தவுடன் முந்தானையை விட்டுவிட்டு, வட்டலப்பத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவளுக்கு அந்தக் கூடத்தில் பெரிய குறை எதுவும் தெரிந்திருக்க முடியாது. ஆனால் ஆஸியா பீவியின் கண்ணில் முந்தானை மட்டும்தான் பட்டது. அன்றிரவு அவள் சரியாகத் தூங்கவில்லை.

பயத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் ஊர் மரைக்காயர் வீடுகளில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் வந்து தங்க வேண்டும். பொழுது சாய்ந்து வருவார், காலையில் பசியாறிவிட்டு வேலைக்குப் போவார். அப்படி வரவேண்டிய மாப்பிள்ளை வராமல் நின்றுவிட்டால் அந்த வீட்டுக்கு அதைவிடக் கேவலம் கிடையாது. கல்யாணத்துக்கு வராதவர்கள்கூட அதை விசாரிக்க வந்துவிடுவார்கள். ஆஸியா பீவியின் கணவர் முகம்மது இப்ராஹிம் சைகோனில் ஜவுளிக் கடையில் இருந்தார். ஆக, மாப்பிள்ளை ஜெகபர் சாதிக்கைத் தங்கவைக்கும் பொறுப்பு முழுவதும் அவள் தலையில் விழுந்தது. அந்தக் காரியத்தை வாசனையால் சாதித்துவிடலாம் என்று அவள் முடிவு கட்டினாள்.

சும்மா சொல்லக் கூடாது, கைகாரிதான். நாகூரில் அத்தர் விற்கும் கடைக்கு ஆளனுப்பி எலுமிச்சைப் புல் தைலம், கிராம்புத் தைலம், யூக்கலிப்டஸ் தைலம் எல்லாம் வரவழைத்தாள். ஊறுகாய் போடும் வாயகன்ற பீங்கான் ஜாடிகளைச் சோடா உப்பு போட்டுக் கழுவிக் காயவைத்தாள். கல் உப்பை வெயிலில் பரப்பி ஈரம் போக்கி, ஜாடியில் ஓர் அடுக்கு உப்பு, அதன்மேல் நிழலில் உலர்த்திய ரோஜா இதழ், இடித்த கிராம்பு, பட்டை, எலுமிச்சைத் தோல், மறுபடி உப்பு என்று அடுக்கினாள். மேலே புல் தைலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மல் துணியால் வாயைக் கட்டினாள். உப்பு தைலத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும் என்பது அவள் கணக்கு. கணக்கு சரிதான். மாப்பிள்ளை அறையின் நாலு மூலையிலும் ஜாடி ஏறியது.

அதோடு விட்டாளா? கணவர் அனுப்பிய சைகோன் சென்ட் காலியாகிக் கிடந்த புட்டிகளில் தேங்காயெண்ணெயும் கிராம்புத் தைலமும் கலந்து ஊற்றி, புதுத் துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்குகளைச் செருகிவைத்தாள். ஈர்க்கு எண்ணெயை உறிஞ்சி நுனிக்கு ஏற்றி வாசனையைப் பரப்பும். இதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளாகவே கண்டுபிடித்தாள். ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி. அதன்மேல் தெளிக்கிற தண்ணீரில் யூக்கலிப்டஸ். தலையணைக்குள் உலர்ந்த மரிக்கொழுந்து. கல்யாணத்துக்கு வந்த பெண்கள் அந்த அறையை எட்டிப் பார்த்து, மாஷா அல்லாஹ் என்று சொல்லிவிட்டு, சற்று சீக்கிரமாகவே வெளியே வந்தார்கள். அந்தச் சீக்கிரத்தை யாரும் கவனிக்கவில்லை.

சாதிக் நல்ல பையன். சைகோனில் மூன்று வருஷம் இருந்துவிட்டு, அங்கே நிலைமை சரியில்லை என்று திரும்பி வந்து, காரைக்கால் கடைத்தெருவில் சாமான் கடை போட்டிருந்தான். அவன் வீடு பக்கத்து ஊரான பட்டினத்தில். கல்யாணத்துக்குக் கிளம்பும்போது அவனுடைய தாயார், "போற வூட்ல உப்பு ஒறப்புன்னு ஒரு கொற சொல்லக் கூடாது வாப்பா" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவன் அந்தப் பேச்சை அளவுக்கு மேலேயே கேட்டான்.

முதல் நாள் தும்மினான். மாப்பிள்ளையை யாரோ நினைக்கிறார்கள் என்று பெண்கள் சிரித்தார்கள். மறுநாளும் தும்மினான், கண் சிவந்தது. அப்புறம் புழுக்கம் என்று பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனான். அப்புறம் ஒருநாள் கடையில் சரக்கு வந்திருக்கிறது என்று வரவில்லை. இன்னொரு நாள் சைக்கிளில் காற்று இறங்கிவிட்டது. இன்னொரு நாள் தாயாருக்குக் காய்ச்சல். அந்தத் தாயாரைக் கடைத்தெருவில் யாரோ பார்த்ததாகத் தெரு முழுக்கச் சொன்னார்கள்.

"என்னடி சொல்றாரு ஒம் மாப்புள?" என்று ஆஸியா பீவி மகளைக் கேட்டாள்.

"ஒன்னும் சொல்லலம்மா. ஏன் மச்சான் கண்ணு செவந்து கெடக்குன்னு கேட்டா, கடையில தூசிங்கிறாரு. ராவு தலவலி. காலையில சிரிச்சிக்கிட்டே போயிடறாரு." சொல்லிவிட்டு ஜன்னத்துல் பிர்தௌஸ் அழுதாள். "என்னய புடிக்கலன்னா சொல்லிடலாமுல்ல?"

மாப்பிள்ளையை நேரில் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் மாமியாரும் மருமகனும் முகம் பார்த்துப் பேசுவது வழக்கமில்லை. மார்க்கத்தில் தடை இல்லை, வழக்கம்தான். அவர் கூடத்தில் சாப்பிடுவார், அவள் திரைக்குப் பின்னால் நின்று மகளிடம் "இன்னும் கொஞ்சம் வைக்கச் சொல்லு" என்பாள். அவ்வளவுதான் அவர்களுக்குள் பேச்சு. கேட்க முடியாத இடத்தில் ஊகம்தான் செய்ய வேண்டியிருந்தது. ஊகிக்க அவளிடம் இருந்ததோ ஷரீபுன்னிசாவின் முந்தானை ஒன்றுதான்.

படிக்கிறவர்களுக்கு விஷயம் இந்நேரம் புரிந்திருக்கும். அவளுக்குப் புரியாததில் ஆச்சரியமில்லை. பகல் முழுவதும் தைலத்தில் கை வைத்திருப்பவளுக்குத் தைலத்தின் நெடி தெரியாது. அறைக்குள் போய் முகர்ந்து பார்ப்பாள். ஒன்றும் தெரியாது. வாசனை இறங்கிவிட்டது, அதனால்தான் கருவாட்டு வாடை மேலே வருகிறது என்று இன்னும் நாலு சொட்டு விடுவாள்.

கடைசியில் ஒரு காலை, சின்னக் கதவைத் திறந்துகொண்டு மலர்க்கொடியின் கொல்லையில் போய் நின்றாள். மலர்க்கொடி ஓலைப் பாயில் நெத்திலியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய புருஷன் கட்டுமரத்தில் போய்க் கொண்டுவருவதைக் காயவைத்து விற்பதுதான் அந்த வீட்டின் பிழைப்பு.

"மலரு, நா ஒன்னு சொன்னா கோச்சுக்காத."

"சொல்லுங்கக்கா."

"நாத்தம் தாங்கலடி. எனக்கில்ல, மாப்புளைக்கி. அவுரு வூடு தங்க மாட்டேங்கிறாரு. ஊரே வாயில போட்டு மெல்லுது. எம் மவ அழுதுகிட்டு கெடக்குறா."

மலர்க்கொடியின் கை நின்றது. "நாத்தமா?" என்றாள். பாயிலிருந்த நெத்திலியைக் கூடையில் அள்ளத் தொடங்கினாள். "சரிக்கா. கடக்கரைக்கு எடுத்துட்டுப் போயிடறேன். அங்கன மணல்ல போட்டுக்குறேன்."

ஒரு சண்டைக்குத் தயாராகப் பதில்களை அடுக்கிவைத்துக்கொண்டு வந்த ஆஸியா பீவிக்கு அவையெல்லாம் வீணாயின. மணலில் நாய் வரும், காக்காய் வரும், நாளெல்லாம் குச்சியோடு உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் மகளின் வாழ்வா, பக்கத்து வீட்டுக் கருவாடா என்று வந்தால் எந்தத் தாயும் செய்வதைத்தான் செய்தோம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாள். அன்றிலிருந்து சின்னக் கதவு சாத்தியே கிடந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மாப்பிள்ளைக்கு விருந்து. கருவாடு பெரும்பாலும் கடற்கரைக்குப் போய்விட்டிருந்தது. இனி வாசனை மட்டும்தான் என்ற தைரியத்தில் ஆஸியா பீவி ஜாடிகளைக் கூடத்துக்கே கொண்டுவந்து, மல் துணியை அவிழ்த்துவிட்டு, வாசனை வெளியே போய்விடக் கூடாது என்று ஜன்னல்களையும் சாத்தினாள். மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தார். நெய்ச்சோறும் தாளிச்சாவும் வைத்தார்கள். இரண்டு கவளம் உள்ளே போயிருக்கும். இருமல் வந்தது. அப்புறம் மூச்சு இழுத்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்ட, சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்து, அடுப்படி வழியாகக் கொல்லைக்கு ஓடி, சுவரின் சின்னக் கதவைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

ஆஸியா பீவி திரைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். சோற்றில் கை வைத்த மாப்பிள்ளை எழுந்து போய்விட்டார்! இனி ஊரில் தலை காட்ட முடியாது. பின்னாலேயே ஓடியவள், வழக்கம் தடுத்ததால் சின்னக் கதவருகே நின்றுவிட்டாள்.

அந்தப் பக்கம் மலர்க்கொடி மிச்சமிருந்த வாளைக் கருவாட்டைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள். சாதிக் அந்தக் கூடைக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து மூச்சை இழுத்து இழுத்து விட்டான். அவள் செம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்தான். இருமல் மெல்ல அடங்கியது.

"இங்கன உக்காந்தா தேவலாமா தம்பி? கருவாடு கெடக்கு, தள்ளி வச்சிடறேன்."

"கெடக்கட்டுங்க. இங்கதான் மூச்சு வருது." சுற்றிலும் பார்த்தான். "கருவாடெல்லாம் எங்கங்க? கொல்லையே காலியா கெடக்கு?"

"ஒங்களுக்கு நாத்தம் ஆவலன்னு எடுக்கச் சொன்னாங்க. அதான் கடக்கரைக்கு மாத்திட்டேன்."

"எனக்கா?" சாதிக்குக்கு மறுபடி இருமல் வந்தது, இந்தத் தடவை திகைப்பில். "சைகோன்ல மூணு வருசம் கருவாட்டுக் கெடங்குக்கு மேலதாங்க படுத்திருந்தேன். எனக்கு ஆவாதது அந்தத் தைலம். பாவம், மாமி எனக்குன்னு இடிச்சி ஒலத்தி வச்சிருக்காங்க. அத எப்புடி நா வேணாம்னு சொல்றது?"

ஆஸியா பீவி கதவைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி அவள் கேட்டதே இல்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வழக்கத்தைத் தன் வீட்டுப் பக்கமே விட்டுவிட்டு, கதவைத் தாண்டி உள்ளே வந்தாள். சாதிக் பதறி எழுந்தான்.

"உக்காருங்க மாப்புள" என்றாள். "எல்லா ஜாடியையும் தூக்கி எறிஞ்சிட்டா வூடு தங்குவீங்களா?"

"எறிய வேணாம் மாமி. மூடி வச்சாப் போதும். ஜன்னலத் தொறந்துட்டா இன்னக்கே தங்குறேன்." தலையைக் குனிந்துகொண்டு சேர்த்தான்: "ஜன்னத்து மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல. சோறு ஆறிப் போயிருக்கும், நா போய்ச் சாப்புடறேன்."

அவன் போனான். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தமும், ஜன்னத்துல் பிர்தௌஸ் ஏதோ கேட்டு அவன் சிரிக்கும் சத்தமும் வந்தன. ஆஸியா பீவிக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. மகள் பிழைத்தாள். அந்தச் சந்தோஷம் முழுதாக ஒரு நிமிஷம் நீடித்தது. பிறகு அவள் கண்ணில் காலிக் கொல்லை பட்டது.

"நெத்திலிய மறுபடி இங்கயே கொண்டாந்து போடு மலரு. எம் புத்தியில மண்ணு. நா சொன்னதும் ஏன்டி பேசாம எடுத்துட்டுப் போன? ரெண்டு வார்த்த திட்டியிருக்கலாமுல்ல?"

மலர்க்கொடி கூடையை இறக்கி வைத்தாள். "போட முடியாதுக்கா. மாயவரத்து யாவாரி ரெண்டு தடவ சரக்கத் திருப்பி அனுப்பிட்டாரு. நெத்திலியில சோப்பு வாசன அடிக்குதாம். ஒங்க வூட்டுத் தைலம் இங்கன வரைக்கும் வந்து கருவாட்டுல ஏறிடிச்சி. நீங்க சொல்றத்துக்கு முன்னாடியே எங்கயாச்சும் மாத்தணும்னுதான் இருந்தேன்."

"அல்லாவே! அப்பவே வந்து எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"எப்புடி சொல்றது? நீங்க நாத்தம்னு சொன்னப்ப எனக்கு எப்புடி வலிச்சிச்சின்னு எனக்குத்தான் தெரியும். அதே வார்த்தய ஒங்களுக்கு நா எப்புடிக்கா சொல்லுவேன்?"

ஆஸியா பீவிக்கு வெட்கமாக இருந்தது, வெட்கத்தைவிட அதிகமாக வலித்தது. "இனிமே தைலம் இந்தப் பக்கம் வராதுடி" என்று சொல்லிவிட்டு, சுவரோரம் சுருட்டி வைத்திருந்த ஓலைப் பாயை இழுத்து, ஒரு முனையைப் பிடித்து விரித்தாள். மறுமுனையை மலர்க்கொடி வந்து பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.