டியூப் டிவிக்கு ஓர் இடம்

தில்லி கரோல் பாகில் அக்கா விஜயலக்ஷ்மியின் ஒற்றை அறை வீட்டில் தங்கித்தான் ஜம்பு மாலைக் கல்லூரியில் படித்தான். டிவி வாங்கும் பொறுப்பை அத்திம்பேர் அவனிடம் விட்டார். அலமாரித் தட்டின் அகலத்தையும் உயரத்தையும் இருமுறை அளந்து, ஐந்து கடை ஏறி இறங்கி, சின்ன டியூப் டிவியைத் தேர்ந்தெடுத்தான். அதன் முதுகு எவ்வளவு நீளம் என்று மட்டும் அளக்கவில்லை.

பாதி டிவி தட்டுக்கு வெளியே துருத்தி நின்றது.

"மாத்திண்டு வரட்டுமா அத்திம்பேர்?"

"எதுக்குடா? படம் அச்சாவா இருக்கு. அந்த மூலையில கச்சிதமா உக்காரும்."

அது ஜம்பு படுக்கும் மூலை.

"அப்போ நான்?"

"ஞாயித்துக்கிழமைக்குள்ள வேற ரூம் பாத்துக்கோ. அதையாவது மூணு பக்கமும் அள."

ஜம்பு படுக்கையைச் சுருட்டிவிட்டு டிவியைத் தூக்கி வைத்தான்.

"கோணலா இருக்கு, நேரா வை," என்றாள் அக்கா.